முப்பத்தெட்டு புள்ளி நான்கு

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து பேசச் சொல்லி மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் முழங்கால் வலி என்று தட்டிக் கழித்தேன். வலி உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. ஓய்வு பெற்றவர்களை மேடையில் ஏற்றினால் தங்கள் வெற்றிகளைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் அந்தச் சரக்கு குறைவு, இருப்பதைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். படித்தாலும் சரி, மடித்து வைத்தாலும் சரி.

நீங்கள் கேட்டது, கணினியில் சிறந்த விடையைத் தேடும் எறும்பு முறை பற்றி. உங்களுக்கு அது கணினித் திரையில் ஒரு பெயர். தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடுகிறது. சூத்திரங்கள் புத்தகங்களில் இருக்கின்றன, என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த முறையை ஒரு பாய்லரில் நான் ஓட்டிய கதையை மட்டும் சொல்கிறேன். அதில் சூத்திரம் எங்கும் தப்பாகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைத் தேடாதீர்கள்.

எர்ணாவூர் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுப்பாட்டுப் பிரிவில் நாங்கள் மூன்று பேர், அதில் பெண் நான் ஒருத்தி. பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறி, திருவொற்றியூரில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்வேன். தொழிற்சாலை வாசலுக்குள் நுழையும்போது என் தமிழும் மாறிவிடும். புளியந்தோப்பு குடியிருப்பில் வளர்ந்தவள் நான். ஆனால் அந்த வடசென்னைப் பேச்சை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, பாடப்புத்தகம் போல அளந்து பேசுவேன். அப்படிப் பேசினால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொல்லி நம்பியிருந்தேன். யார் சொன்னார்கள் என்பதுகூட நினைவில் இல்லை.

எங்கள் பொது மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "பாய்லர்ல கரி செலவைக் குறைக்க கம்ப்யூட்டர்ல ஏதாவது செய்யணும், புதுசா இருக்கணும்" என்றார். நான் அப்போது எறும்புகளைப் பற்றி நகலெடுத்த சில கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எறும்பின் மேல் பாசம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் எறும்பு வந்தால் மஞ்சள் தூள் போடுவோம், உறவு அவ்வளவுதான். ஆனால் யோசனை பிடித்திருந்தது. புற்றிலிருந்து தீனிக்குப் பல வழிகளில் எறும்புகள் போகின்றன. குட்டை வழியில் போனது சீக்கிரம் திரும்புகிறது, அந்த வழியில் வாசனை கூடுகிறது. மற்றவை அந்த வாசனையைப் பிடித்து வருகின்றன. நீள வழியில் வாசனை காய்ந்துபோகிறது. யாரும் யாருக்கும் உத்தரவு போடாமல் கூட்டமே நல்ல வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

லாரிகளை எந்தத் தெருவில் அனுப்புவது என்று தீர்மானிக்க இது அப்படியே பொருந்தும். பாய்லரில் தெரு எங்கே இருக்கிறது? எங்களுடையது நிலக்கரியைப் பொடியாக்கி உள்ளே ஊதி எரிக்கும் பாய்லர். காற்று விடுவதற்கு நான்கு கதவுகள், டேம்பர் என்போம். ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம். நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் எத்தனை இடங்கள் என்று எண்ண முடியுமா? எண்ண முடியாத இடத்தில் எறும்பு எந்த வழியை முகரும்? அன்றைக்கு என் தலையைத் தின்ற கேள்வி இதுதான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தொடர்ச்சியாக இருந்ததை நறுக்கினேன். டேம்பர் திறப்பை ஐந்து ஐந்தாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் ஒரு தெரு என்று வைத்துக்கொண்டேன். பாய்லர் அறையில் மணிக்கு ஒரு முறை ஆபரேட்டர்கள் கையால் எழுதும் லாக் புக்கில் ஓராண்டுக் கணக்கை இரண்டு மாதம் உட்கார்ந்து நானே கணினியில் ஏற்றினேன். அதிலிருந்து, டேம்பர்கள் இப்படி இருந்தால் கரி இவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும் ஒரு கணக்கை உண்டாக்கினேன். அந்தக் கணக்கின் மேல் எறும்புகளை விட்டேன். மூன்றாவது டேம்பர் நாற்பதில் இருக்க வேண்டும் என்றன. லாக் புக்கில் கரி மிகக் குறைவாகச் செலவான மணிநேரங்களிலும் நாற்பதுதான் இருந்தது. அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று மேலாளர் குதித்தார், தலைமையகத்துக்கும் எழுதிவிட்டார்.

மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். கரி ஒரு கூடைகூடக் குறையவில்லை.

அதன் பிறகுதான் நான் பாய்லர் அறைக்கு இறங்கிப் போனேன். என் மேசைக்கும் அதற்கும் நடுவில் பதினெட்டுப் படிகள். ஒரு பாய்லரைப் பற்றி இரண்டு மாதம் கணக்குப் போட்டவள் அதன் முன்னால் நின்று பார்க்க அத்தனை நாள் ஆனது. இதில் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

காலை ஷிஃப்டில் இருந்தவர் கன்னியப்பன். ஐம்பதைத் தாண்டியவர். கடற்கரைக் குடிசை அலையில் போனபின் எர்ணாவூரில் அரசு கொடுத்த குடியிருப்பில் இருந்தார். பாய்லர் ஓட்டுவதற்கு அரசுத் தேர்வு எழுதி வாங்கிய முதல் வகுப்புச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. சான்றிதழ் இல்லாத ஆள் எந்த ஊரிலும் பாய்லரில் கை வைக்க முடியாது. அவர் ஷிஃப்டில்தான் எப்போதும் கரி குறைவு.

"இன்னா மேடம், ஏசி ரூம்ல கரன்ட் பூடுச்சா?" என்றார்.

மூன்றாவது டேம்பர் இப்போது எவ்வளவு என்று கேட்டேன். நாற்பது என்றார். பேனலில் இருந்த முள்ளைப் பார்த்தேன். அது நாற்பத்திரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டுதான மேடம்? அஞ்சு அஞ்சாத்தான் எயுதறது. முன்ன ஒரு ஆபீசரு இருந்தாரு. நாப்பத்திமூணுன்னு எயுதுனா, நேத்து நாப்பத்திரண்டு, இன்னிக்கு ஏன் ஒண்ணு ஏறிச்சின்னு கேட்டு பேஜார் பண்ணுவாரு. ரவுண்டா எயுதுனா ஒருத்தனும் கேக்கமாட்டான். அதுலேர்ந்து எல்லா ஷிஃப்டும் இப்டித்தான்."

"அப்படியானால் உண்மையில் எங்கே வைப்பீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ எந்த ஏரியா?"

"புளியந்தோப்பு."

"அட, நம்ம பொண்ணு! அப்பால இன்னாத்துக்கு நியூஸ் வாசிக்கிறா மாரி பேசிகினுகீற?"

அன்றைக்குச் சிரித்தது போல அந்தத் தொழிற்சாலையில் அதற்கு முன் நான் சிரித்ததில்லை. அவர் என்னை அடுப்பின் பார்வைத் துளைக்குக் கூட்டிப்போய் நீலக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நெருப்பின் நுனி எங்கே வெளுக்கிறது, எங்கே சிவக்கிறது என்று காட்டினார். அதைப் பார்த்துத்தான் டேம்பரைத் திருப்புவாராம். முள்ளைப் பார்ப்பது எழுதுவதற்கு மட்டும்.

மேலே வந்து உட்கார்ந்ததும் புரிந்தது. ஆபரேட்டர்கள் தொடர்ச்சியாக ஓட்டியதை ஐந்து ஐந்தாக நறுக்கி எழுதியிருந்தார்கள். நான் மறுபடியும் ஐந்து ஐந்தாக நறுக்கி அதில் எறும்பை விட்டிருந்தேன். இரண்டும் பொருந்தாமல் எப்படி இருக்கும்? அவர்கள் எழுதி வைத்ததையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நறுக்குவதை நிறுத்தினேன். பேனலுக்குள் ஒரு பேனா ஓயாமல் காகிதச் சுருளில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். முள் காட்டுவது அத்தனையும் அதில் அப்படியே பதிவாகும். ஓராண்டுச் சுருள்கள் கிடங்கில் கிடந்தன. அவற்றை அளந்து, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை எடுத்தேன். எறும்புகளையும் மாற்றினேன். இனி தெருக்கள் கிடையாது. இதுவரை கண்ட நல்ல அமைப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு எறும்பும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பக்கத்தில் எங்கேனும் போய் நிற்கும். பெரும்பாலும் கிட்டத்தில், எப்போதாவது தூரத்தில். நின்ற இடம் நன்றாக இருந்தால் அது பட்டியலில் சேரும், மோசமான ஒன்று வெளியே போகும். போகப்போகக் கூட்டம் சுருங்கி ஓரிடத்தில் வந்து அடையும். தூர தேசங்களில் வேறு சிலரும் இதே பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். நான் படித்ததையும் தோன்றியதையும் ஒட்டுப்போட்டேன், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது கூட்டம் சுருங்கும் வேகம். மெதுவாகச் சுருங்கினால் தூரத்துக்குப் போன எறும்பு ஏதாவது புதிதாகக் கண்டுவரும், நாளாகும். வேகமாகச் சுருங்கினால் விடை உடனே வரும், எல்லா எறும்பும் ஒரே குரலில் பேசும். மேலாளர் இரண்டு வாரம்தான் கொடுத்தார், தலைமையகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று. நான் வேகத்தைக் கூட்டினேன். அதை அப்போது தவறு என்று நினைக்கவில்லை, அவசரம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் சுருள்களை அளந்துகொண்டிருந்த நாட்களில் ஆண்டுப் பராமரிப்புக்காகப் பாய்லரைப் பத்து நாள் நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ஓட ஆரம்பித்த பின் வந்த இரண்டு வாரச் சுருளில் மூன்றாவது டேம்பர் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று இருந்தது. ஓராண்டு முழுவதும் நாற்பதை ஒட்டி ஓடியது திடீரென்று ஏழெட்டு மேலே போயிருக்கிறது. என் அழகான புள்ளிக்கூட்டத்தில் அது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மறுதொடக்கத் தடுமாற்றம் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு அந்த இரண்டு வாரத்தையும் நீக்கினேன். பதினெட்டுப் படி இறங்கி ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்குக்கு ஒத்துவராத புள்ளியை நம் தொழிலில் எவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

எறும்புகள் முப்பது, சுற்றுகள் ஐந்நூறு. விடை: மூன்றாவது டேம்பர், முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

தலைமையகத்து ஆட்கள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்து மணிக்கு நான்கு எண்கள் எழுதிய தாளோடு இறங்கிப் போனேன். கன்னியப்பன் படித்துவிட்டு மற்ற மூன்று டேம்பரையும் அப்படியே வைத்தார். மூன்றாவதற்கு வந்ததும் தாளைத் திருப்பித் தந்தார்.

"இது வாணாம் மேடம். ஷட்டவுன்ல ஃபிட்டரு இந்த டேம்பர இழுக்கற ராடை கயட்டி டைட்டா மாட்டிகீறான். முன்ன அது லூசு. முள்ளு நாப்பதுன்னு காட்டுனா உள்ள கதவு அதுக்கு மேலயே தொறந்துகினு இருக்கும். இப்ப நாப்பதுன்னா நாப்பதுதான். நீ சொல்ற நம்பர்ல வெச்சா காத்து பத்தாது."

"இது எங்கேயாவது எழுதியிருக்கா அண்ணே?"

"கோளாறுன்னு எயுதியிருந்தாதான ரிப்பேருன்னு எயுதுவான்? எல்லாருக்கும் தெரியும் அது."

"எனக்குத் தெரியாதே."

"நீ கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குத்தலில்தான் வாதத்தில் இறங்கினேன். "முப்பது எறும்பு அண்ணே. ஐந்நூறு சுற்று. ஒன்றுகூட விலகாமல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது."

"எல்லாம் ஒரே சக்கரைய மோந்துகினு வந்தா ஒரே எடத்துலதான் நிக்கும்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். அரை அரையா கொறச்சிகினு வரேன். நெருப்பு இன்னா சொல்லுதுன்னு பாத்துகினே போலாம். மதியத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

அது முழுக்க நியாயமான பேச்சு. நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. தலைமையகத்து ஆட்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள், வாசலைத் தாண்டியாகிவிட்டது, எண் ஏறிவிட்டதா என்று மேலாளர் கேட்டார். ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பி, அந்தத் தொழிற்சாலைக்குள் முதல் முறையாக என் சொந்தத் தமிழில் பேசினேன். "போடு அண்ணே. இன்னா ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

"வாணாம்னு சொல்லிட்டேன். அப்பால உன் இஷ்டம்."

வைத்தார். லாக் புக்கில் 38.4 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த பாய்லர் அறையில் ஒரு வழக்கம் உண்டு. மனதுக்கு ஒப்பாத எண்ணை வைக்கச் சொன்னால் ஆபரேட்டர் பக்கத்திலேயே 'உத்தரவுப்படி' என்று எழுதி, சொன்னவரிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொள்வார். எந்த மேலதிகாரியாக இருந்தாலும் புத்தகத்தை நீட்டிவிடுவார்கள். கன்னியப்பன் என்னிடம் நீட்டவில்லை. நம்ம பொண்ணு என்று நினைத்திருப்பார். நானும் கேட்டு வாங்கிப் போடவில்லை.

முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மேலே எங்கள் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் தலைமையகத்து ஆட்கள் நிற்பது தெரிந்தது, மேலாளர் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் பார்வைத் துளையை விட்டு நகரவே இல்லை. நெருப்பு மங்குகிறது என்று ஒரு முறை சத்தம் போட்டார். டேம்பரைத் திறக்க அவர் கை போவதற்குள் நெருப்பு அணைந்து, உள்ளே எரியாமல் தேங்கிய கரிப்பொடி அடுத்த நொடியே மொத்தமாகப் பற்றியது. தொம்மென்ற சத்தத்தில் என் கால்களுக்குக் கீழே தகடு அதிர்ந்தது. பார்வைத் துளை வழியாக ஒரு முழம் நெருப்பு வெளியே வந்து போனது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இடது கையைத் திருப்ப நேரமில்லை. அந்தக் கையை உதறியபடியே வலது கையால் கரி வரத்தை நிறுத்தினார். பிறகு காற்றை முழுக்கத் திறந்துவிட்டார். இரண்டையும் அந்த வரிசையில் செய்ததால்தான் இரண்டாவது முறை வெடிக்கவில்லை. பக்கத்தில் நான் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். செய்தது அவ்வளவுதான்.

சட்டைக்கை தோலோடு ஒட்டியிருந்தது. முதலுதவி அறைக்கு அவரே நடந்து போனார்.

தொழிற்சாலை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது, கன்னியப்பன் பெயருக்கு. அனுமதியில்லாத எண்ணில் டேம்பரை வைத்துப் பாய்லரை ஆபத்துக்கு உள்ளாக்கினார், அவருடைய சான்றிதழை ரத்து செய்ய அரசுத் துறைக்கு ஏன் எழுதக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். எறும்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, "நீங்க கொடுத்தது ஒரு பரிந்துரைதானே? எல்லா ரிப்போர்ட்டுலயும் கீழே அப்படித்தானே அச்சடிக்கிறோம்?" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அந்த வேலைக்கு நான் வந்த வழி லேசானதல்ல, எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நிதானமான மனிதர். கன்னியப்பன் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யூனியன் செயலாளர். செயலாளர் லாக் புக்கை மேசையில் வைத்து, மூன்றாவது டேம்பரின் எண்களைக் காட்டியபடி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. "ஒரு வருசத்துல புள்ளி வெச்ச நம்பரு இதுல ஒண்ணே ஒண்ணுதான் சார் கீது. இது எங்க ஆள் மூளைல உதிச்ச நம்பரா? நீங்களே சொல்லுங்க." அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இந்த எண்ணை வைக்கச் சொன்னது நீங்களா?"

ஆமாம் என்பது ஒரு சொல். அதற்குப் பதிலாக நான் சொன்னது: "கம்ப்யூட்டர் கொடுத்த எண் சார்."

அவர் எழுதிக்கொண்டார். கன்னியப்பனிடம், தவறு என்று தெரிந்திருந்தால் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டார்.

"வாணாம்னு சொன்னேன் சார். மேடம் கிட்டயே சொன்னேன்."

"சொன்னாரா?" என்று மறுபடி என் பக்கம் திரும்பினார். மேலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்லர் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை சார்."

கன்னியப்பன் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நீ எந்த ஏரியா என்று கேட்டபோது பார்த்தாரே, அதே பார்வை. நான் லாக் புக்கைப் பார்க்கத் தொடங்கினேன்.

தீர்ப்பு எல்லோருக்கும் வசதியாக வந்தது. கணினி நிரலில் பிழை, யாருக்கும் உள்நோக்கம் இல்லை, எறும்புத் திட்டம் கைவிடப்படுகிறது. சான்றிதழ் பிழைத்தது. மேலாளர் பிழைத்தார். நான் பிழைத்தேன். கன்னியப்பனுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம்: இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் ஆட்சேபம் தெரிவிக்காமல் எண்ணை ஏற்றார் என்று. அடுத்த ஆண்டு பாய்லர் ஃபோர்மேன் இடம் காலியானது. அது அவருக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். கோப்பில் அந்தக் கடிதம் இருந்ததால் வேறொருவருக்குப் போனது. அவரைவிட இளையவர், நெருப்பைப் பார்க்கத் தெரியாதவர். கன்னியப்பன் அந்த ஆளுக்குக் கீழே ஆபரேட்டராகவே வேலை செய்து ஓய்வு பெற்றார்.

சூத்திரம் தப்பாகப் போகவில்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா? நிரலிலும் பிழையே இல்லை. பிறகு எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன். நான் கொடுத்த சுருளுக்கு முப்பத்தெட்டு புள்ளி நான்குதான் சரியான விடை. நான் எறிந்த அந்த இரண்டு வாரத்தை மட்டும் வைத்து, சுருங்கும் வேகத்தையும் குறைத்து ஓட்டினால், எறும்புகள் நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன. அவை பாவம், தீனி வைத்த இடத்துக்குத்தான் போகும். முப்பது எறும்பு ஒத்துப்போனால் அது முப்பது சாட்சி ஆகாது, ஒரே சாட்சி முப்பது முறை பேசுவதுதான். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் கூடினால் உண்மை கூடிவிடாது. இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் நீங்கள் குறித்துக்கொள்வீர்கள், எனக்கும் கைதட்டு விழும். அதற்காகத்தான் நான் வரவில்லை.

அந்த எச்சரிக்கைக் கடிதம் வந்த வாரம் ஒரு மாலை திருவொற்றியூர் நிலையத்தில் கன்னியப்பனைப் பார்த்தேன். கட்டுப் பிரித்திருந்தார்கள், கை இளஞ்சிவப்பாக இருந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர்தான் கூப்பிட்டார்.

"இன்னா பொண்ணு, எறும்பு மேலயா போட்ட? பாவம், அதுக்கு யூனியன்கூட கெடியாதே."

அவர் சிரித்தார். நானும் கூடவே சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ரயில் வரும் சத்தம் கேட்டதும் பரபரப்பாகி, "நாளைக்கே லாக் புக்கில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என் உத்தரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் அண்ணே" என்றேன்.

"இப்ப எயுதுனா அது பொய் கணக்கு. அன்னிக்கு எயுதியிருக்கணும்."

"அப்ப நான் இன்னா செய்யட்டும்?"

"இன்னாத்த செய்வ? வுடு. வண்டி வந்துடுச்சி பாரு."

அதன்பின் இருபது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். படி இறங்கிப் போகாமல் எந்த எண்ணையும் கொடுத்ததில்லை. அறிக்கைகளின் அடியில் 'பரிந்துரை மட்டும்' என்ற வரியை என் பிரிவில் அச்சடிக்க விட்டதில்லை, பெயரும் கையெழுத்தும்தான். இதனால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. இத்தனையும் செய்துகொண்டே, ஒரு நாள்கூட அந்த விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் போடவில்லை. ஃபோர்மேன் இடம் காலியாக இருந்த இரண்டு மாதத்தில் போட்டிருந்தால் காரியம் ஆகியிருக்கும். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன். கன்னியப்பனின் பிரிவுபசார விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேச்சு முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன்.

லாக் புக்கையெல்லாம் எப்போதோ எடைக்குப் போட்டிருப்பார்கள். அந்த எச்சரிக்கைக் கடிதம் மட்டும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். அதில் இருப்பது தவறு. டேம்பரை முப்பத்தெட்டு புள்ளி நான்கில் வைக்கச் சொன்னது நான். கன்னியப்பன் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னார். எனக்கு இரண்டு முறையும் நன்றாகக் கேட்டது.